அப்பாவின் கையெழுத்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, என் பேச்சின் நீளம் தெரிந்தும் அழைத்த செயலாளர் அவர்களே, கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கும் அப்பாக்களே, அனைவருக்கும் வணக்கம். அப்பாக்கள் முன்னால் வாருங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

பிள்ளை வளர்ப்பில் அப்பா விலகி நின்றால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய பேச்சு. வீட்டு வருமானம், தாயின் சுமை, பிள்ளையின் மனம் என்று அதில் மூன்று விஷயம் பேச வந்தேன். ‘தந்தையோடு கல்வி போம்’ என்பார்கள். தந்தை இறந்துவிட்டால் என்று பொருள். உயிரோடு இருந்துகொண்டே இல்லாமல் போகிற தந்தையும் உண்டு. நானே அப்படி இருந்தவன்.

எனக்கு வெளியூரில் வேலை. ஒருமுறை விடுமுறையில் வந்தபோது மகன் மதிப்பெண் அட்டையை நீட்டினான். ஆசையாகக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அழுதுகொண்டே வந்தான். அதுவரை எல்லாக் கட்டத்திலும் அவன் அம்மாவின் கையெழுத்துதான். புதிதாக ஒன்றைப் பார்த்த ஆசிரியர், ‘நீயே போட்டாயா?’ என்று வெளியே நிற்க வைத்துவிட்டார். சரி, நிரூபிப்போம் என்று நேரில் போனேன். ‘இந்தத் தாளில் போடுங்கள்’ என்றார். கை நடுங்கியது. அட்டையில் இருந்தது ஒரு மாதிரி, தாளில் விழுந்தது வேறு மாதிரி! அவர் என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பும் வழியில் பையன் மெதுவாகச் சொன்னான்: ‘அம்மாவையே போடச் சொல்லியிருக்கலாம்பா.’

தந்தையோடு கல்வி போம், பார்த்தீர்களா!

அப்பா இல்லாத வீட்டுப் பிள்ளை கெட்டுத்தான் போகும் என்று நான் சொல்லவில்லை. தனியாக நின்று அருமையாக வளர்த்த தாய்மார்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். ஆனால் வாய்ப்பு இருந்தும் விலகி நிற்கிறோமே, அதைக் கேட்கிறேன். 1975-இலேயே மைக்கேல் லாம்ப் என்ற ஆய்வாளர், குழந்தை வளர்ச்சியில் தந்தையர் மறக்கப்பட்ட பங்களிப்பாளர்கள் என்று எழுதினார்.

இங்கேதான் என் பழைய பாட்டுக்கு வருகிறேன், செயலாளர் சிரிக்கிறார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, வேலையிலிருந்து தந்தைக்கென்றே தனி விடுப்பு வேண்டும். சுவீடனில் 1974-இல் பெற்றோர் இருவருக்கும் பொதுவாக விடுப்பு வந்தது. பெரும்பாலும் தாய்மாரே எடுத்தார்கள். 1995-இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்று ஒதுக்கி, எடுக்காவிட்டால் அது வீண் என்றார்கள். அப்புறம்தான் ஆண்கள் அசைந்தார்கள். 2016 முதல் அது 90 நாள்.

வருமானமும் தாயின் சுமையும் பாக்கி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் இந்த விடுப்பைக் கேட்கும் மனுவும் பேனாவும் வைத்திருக்கிறேன். அப்பாக்கள் போட்டுவிட்டுப் போங்கள். கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று நான் சோதிக்க மாட்டேன்.