கரையிலிருந்து காப்பவர்கள்

பினாங்குத் தீவில் இருக்கும் நேயர்களுக்கும், அக்கரையில் பட்டர்வொர்த்திலும் கெடாவிலும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கும் வணக்கம். தீவு மக்களின் கடல் தெய்வங்களைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். மூன்று கதைகளும் ஒரு சொல்லும் கொண்டு வந்திருக்கிறேன். கதைகளுக்கு முன்னால் ஒரு சிரட்டை விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தெலுக் பஹாங்கில் மாசி மக இரவில் சிங்கமுகக் காளியம்மன் தெப்பத்தில் ஏறிக் கடலுக்குள் போவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. தேங்காய்ச் சிரட்டையில் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, முழங்கால் அளவு நீரில் நின்று என் விளக்கை விட்டேன். இரண்டு முழம் போயிருக்கும். ஓர் அலை அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியிலேயே கவிழ்த்துவிட்டது. அம்மன் என் விளக்கை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லையே என்று அழுதேன். பாட்டி சிரட்டையை எடுத்து முந்தானையால் துடைத்தார். "அவளுக்கு இன்னைக்கு எத்தனை விளக்குடா பாக்க? ஒண்ணு ரெண்டு தப்பத்தான் செய்யும்" என்றார். பாட்டியின் தம்பி ஒருவர் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவர் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிய வந்தது.

பாட்டி சொன்ன அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகளாகக் கடல் தெய்வக் கதைகளைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். தெய்வத்துக்கும் கண் தப்பும் என்று ஒரு பக்திமான் சொல்லலாமா? கடற்கரை மக்கள் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் கதை சீனருடையது. ஃபூஜியன் கரையை ஒட்டிய மெய்சோ தீவில் 960ஆம் ஆண்டு பிறந்ததாகச் சொல்லப்படும் லின் என்னும் குடும்பத்துப் பெண்ணைத்தான் நம் ஊர் ஹொக்கியன் மக்கள் மாச்சோ என்று வணங்குகிறார்கள். ஒரு நாள் அவள் தறியில் நெய்துகொண்டிருக்கையில் கண்ணயர்ந்தாள். கடலில் புயலில் சிக்கிய தன் வீட்டாரின் படகுகளை அந்த மயக்கத்திலேயே கைகளாலும் வாயாலும் பற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறிய தாய் அவளை உலுக்கிக் கூப்பிட, "என்னம்மா" என்று அவள் வாய் திறந்தாள். வாயில் பற்றியிருந்தவர் போய்விட்டார். போனவர் தந்தை என்று ஒரு வடிவம், அண்ணன் என்று இன்னொரு வடிவம். யாரோ ஒருவர் போனார் என்பதில் கதைகளுக்குள் வேறுபாடு இல்லை. கூப்பிட்டவள் பெற்ற தாய், பதில் சொன்னது நல்ல பிள்ளையின் பழக்கம். இதில் யாரைக் குறை சொல்வது? நான் இதை முதன்முதலில் படித்தபோது பாட்டி முந்தானையால் சிரட்டை துடைத்ததுதான் நினைவுக்கு வந்தது.

ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங்கில், 1800ஆம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்ட குவான் யின் கோயில் தொடக்கத்தில் இந்த மாச்சோவுக்கு உரியதாக இருந்தது என்பார்கள். அங்கிருந்து லெபு சூலியாவுக்கு நடந்தே போய்விடலாம். கண்ணை மூடி அந்தத் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் தயவுசெய்து மூட வேண்டாம். அங்கே இருக்கிறது நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக, கடல் தாண்டி வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த மகான் சவரம் செய்துகொண்டிருந்தபோது, நடுக்கடலில் ஒரு கப்பலின் அடிப்பலகையில் ஓட்டை விழுந்ததை உணர்ந்து, கையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை வீசினார். அது போய் ஓட்டையை அடைத்துக்கொண்டது என்பது மரபுக்கதை. இதில் யாரும் மூழ்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மாச்சோ தறியில் இருந்தாள், இவர் சவரத்தில் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். காப்பவர் அலைமேல் சூலம் ஏந்தி நிற்கவில்லை. கரையில், அன்றாட வேலைக்கு நடுவில், ஒரு காதைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு இருக்கிறார்.

மூன்றாவது நம் வீட்டுக் கதை. கோவலனின் முன்னோர் ஒருவர் கலம் உடைந்து நடுக்கடலில் நீந்தித் தவித்தபோது கரை சேர்த்த தெய்வம் மணிமேகலா. அந்த நன்றிக்காகத்தான் மாதவியின் மகளுக்கு அந்தப் பெயர். இதே தெய்வம் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் பௌத்த ஜாதகக் கதையிலும் வருகிறாள். பொன்னாடு என்னும் சுவர்ணபூமிக்கு, அதாவது நம்முடைய இந்தத் தென்கிழக்காசியப் பக்கத்துக்கு, வாணிபம் தேடிப் புறப்பட்ட மகாஜனகனின் கப்பல் மூழ்குகிறது. அவன் ஏழு நாள் நீந்துகிறான். கடற்காவலுக்கென்றே நியமிக்கப்பட்டவள் அந்த ஏழு நாளும் தேவலோக இன்பத்தில் இருந்ததால் கடலைப் பார்க்கவே இல்லை! ஏழாம் நாள்தான் நினைவு வந்து ஓடி வருகிறாள். உடன் வந்த மற்றவர்கள் அதற்குள் போய்விட்டார்கள். இங்கே மறந்தது தெய்வம். மணிமேகலைக் காப்பியத்திலோ சோழ மன்னன் மகனைத் தேடி அலைந்து இந்திர விழாவை மறக்கிறான். அதற்காக இதே தெய்வம் புகாரைக் கடல்கொள்ளச் சபிக்கிறாள். தான் மறந்ததற்கு ஒரு கப்பல், மனிதன் மறந்ததற்கு ஒரு நகரம். கணக்கு நேராக இல்லைதான். கடலை அறிந்தவர்கள் எழுதிய கணக்கு அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தாய்லாந்துக்குப் போனால் இவளே மேகலா என்ற பெயரில் கையிலுள்ள மணியைச் சுழற்றி மின்னலை உண்டாக்குகிறாள். அதை விரிக்க இப்போது நேரமில்லை.

கடிகாரம் முந்திக்கொண்டது. பௌர்ணமியன்று கடலுக்குப் போகாமல், சினைச்சுறாவின் கொம்பை நட்டு வணங்கிய பட்டினப்பாலைப் பரதவரை விட்டுவிடுகிறேன். சொல்வதாக வாக்களித்த சொல் மட்டும்: "ஸ்மோங்". இந்தோனேசியாவின் அச்சேவுக்கு மேற்கே உள்ள சிமுலு தீவின் சொல். 1907இல் வந்த பேரலையை அத்தீவார் இந்தச் சொல்லால் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று ஓடினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். அந்தக் கதையில் காக்கும் தெய்வம் யாரும் வருவதில்லை.

இந்த மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங் போகிறவர்கள், அலை திரும்பும் நேரம் பார்த்து விளக்கை விடுங்கள். ஏறும்போது விட்டால் அணைந்துவிடும். வணக்கம்.