எபாக்சிக்குள் சென்சார் இடம் மாறாமல் இருக்க

(காட்சி: மன்னார்குடிப் பக்கத்து நெல் வயல். மண்ணில் புதைத்த துளையிட்ட குழாய்.)

வணக்கம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையில், மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை தண்ணீர் இறங்கிய பிறகே வயலுக்கு மறுபடி பாய்ச்சுவார்கள். இந்தக் குழாய்க்குள் குனிந்து பார்த்து அளப்பதற்குப் பதிலாக, மட்டத்தைத் தானே உணரும் சென்சார் ஒன்றைச் செய்து உள்ளே இறக்கலாம்.

(காட்சி: மேசை மேல் மெல்லிய பிவிசி குழாய், நீளமான சர்க்யூட் போர்டு, காந்த மிதவை.)

அடி மூடிய இந்தப் பிவிசி குழாய்க்குள் இருக்கும் போர்டில் இரண்டு ரீட் ஸ்விட்ச்சுகள் (காந்தம் அருகில் வந்தால் இணையும் சிறு ஸ்விட்ச்சுகள்) உள்ளன; வெளியே வளையக் காந்தம் பொருத்திய மிதவை நீரோடு ஏறி இறங்கி, நேரே வரும்போது அவற்றை இயக்குகிறது. ஈரம் புகாதிருக்க உள்ளே எபாக்சி என்ற, ஊற்றிய பின் இறுகிக் கெட்டியாகும் பிசினை நிரப்புகிறோம். ஊற்றும்போது போர்டு ஒரு சென்டிமீட்டர் நழுவினால் வயலில் அளவும் ஒரு சென்டிமீட்டர் தவறும். இறுகிய பிறகு அதைத் திருத்த வழியே இல்லை.

நழுவுவதற்கு எல்லோரும் எபாக்சியைத்தான் குறை சொல்வார்கள், ஆனால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள். சுருளிலிருந்து வெட்டிய கேபிள் தன் பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். நாம் கையை எடுத்ததும் போர்டை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே ஊற்றுவதற்கு முன்பே கேபிளை நிமிர்த்தி, குழாயின் வாயில் குறுக்குக் கட்டையோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.

அடுத்தது மிதப்பு. பொடி கலக்காத எபாக்சியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.1 முதல் 1.2 கிராம் வரை இருக்கும். கண்ணாடியிழைப் போர்டு அதைவிடக் கனமானதால் மூழ்கும். ஆனால் உள்ளே காற்று இருப்பதால் எபாக்சியைவிட இலேசான பொருள்கள் மேலே வரப் பார்க்கும். கனிமப் பொடி கலந்த எபாக்சியில் இந்தத் தூக்கல் இன்னும் கூடும்.

(காட்சி: பக்கவாட்டில் வெட்டிய சிறு வட்டுகள்.)

போர்டைக் குழாயின் நடுவில் நிறுத்த, மேலும் கீழும் நடுவிலும் மூன்று வட்டுகளைக் கோத்துக்கொள்ளுங்கள். முந்தைய வேலையில் மிஞ்சிய எபாக்சியைத் தட்டையாக ஊற்றி இறுகவைத்து, அதிலிருந்தே அவற்றை வெட்டுவது சிறந்தது, ஏனெனில் புதிய எபாக்சி அவற்றோடு நன்றாக ஒட்டும், வெப்பத்தில் இரண்டும் ஒரே அளவில் விரியும். பாலித்தீன் துண்டுகளில் எபாக்சி ஒட்டாது. அந்த இடைவெளியே பிறகு தண்ணீருக்கு வழியாகும். எபாக்சியும் காற்றும் கடக்க வட்டுகளின் ஓரத்தில் வெட்டு விடுவதை மறக்க வேண்டாம்.

ரீட் ஸ்விட்ச்சின் உடல் கண்ணாடி. இறுகும்போது எபாக்சி சிறிது சுருங்குவதால், ஸ்விட்ச்சின் மேல் மென்மையான சிலிகான் குழல் மாட்டாவிட்டால் அது விரிசல் விடலாம்.

இனி ஊற்றலாம். முதலில் அடியில் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் ஊற்றி, போர்டின் கால் பிடிபடும் வரை காத்திருங்கள். அந்த அடுக்கு விரலில் ஒட்டும் பிசுபிசுப்பில் இருக்கும்போதே, ஊசிக்குழலில் மெல்லிய குழாய் மாட்டி, மீதியைக் கீழிருந்து மேலாக நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் வட்டுகளுக்கு அடியில் காற்று சிக்கிக்கொள்ளும்.

டப்பாவில் எழுதியுள்ள வேலை நேரம், அதாவது கலந்த எபாக்சி ஊற்றும் பதத்தில் இருக்கும் நேரம், பொதுவாக 25 டிகிரி வெப்பத்துக்கானது. 10 டிகிரி கூடினால் அது ஏறத்தாழப் பாதியாகும் என்பதால், சித்திரை வெயிலில் 40 நிமிடம் என்றிருந்தால் 20 நிமிடத்தையே நம்புங்கள்.

(காட்சி: குழாயின் வெளியே மார்க்கர் கோடு, பக்கத்தில் மல்டிமீட்டர்.)

அடி அடுக்கை ஊற்றியதும், அது பிடிபடுவதற்கு முன்பே, அந்த நேரத்துக்குள்ளேயே சோதனையையும் முடிக்க வேண்டும். குழாயின் வெளியே முன்பே அளந்து போட்ட கோட்டை நோக்கி மிதவையை மெதுவாக நகர்த்துங்கள். ஸ்விட்ச் இணைந்ததும் எழும் மல்டிமீட்டரின் ஒலி கோட்டுக்கு முன்னோ பின்னோ கேட்டால், அடி அடுக்கு இன்னும் இளகலாக இருக்கும்போதே மேலே கட்டிய முடிச்சைத் தளர்த்தி, போர்டை அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப ஏற்றியோ இறக்கியோ மறுபடி கட்டுங்கள்.