கொடைக்கானல் சாக்லேட்டுக்குள் ஆமணக்கு

தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர்களே, இந்தப் பனியிலும் வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, வணக்கம். மண்டபம் தந்த வியாபாரிகளுக்குத் தனி நன்றி.

மூன்று செய்திகளோடு வந்தேன். சாக்லேட்டில் சேர்க்கும் எமல்சிஃபையர், அதாவது பால்மமாக்கி, என்ன செய்கிறது? தாவர எண்ணெயிலிருந்து அதை மாசு குறைத்துத் தயாரிப்பது எப்படி? விலை என்ன ஆகும்?

என் அக்கா இங்கே ஏழு ரோடு பக்கம் வீட்டிலேயே சாக்லேட் செய்தவர். ஒரு சீசனில் லெசித்தின் என்ற பால்மமாக்கி தீர்ந்துவிட்டது. நூறு கிலோவுக்கு அரைக் கிலோ போதும் என்கிற பொருள்தான். அது இல்லாமல் சாக்லேட் களி மாதிரி கரண்டியில் நின்றது, அச்சில் இறங்கவில்லை. அக்கா தேங்காய் எண்ணெயை ஊற்றினார். அழகாக ஓடியது! மதுரைக் குடும்பம் ஒன்று இரண்டு கிலோ வாங்கிப் போனது. மலைக்குளிரில் கல்லாக இருந்தது, வத்தலக்குண்டு இறங்குவதற்குள் பை முழுக்கக் குழம்பு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகும், கோகோ வெண்ணெயையும் இளக்கிவிடும். அந்த அம்மா போன் செய்து, பிள்ளையின் புதுச்சட்டை போனது என்று அழுதார். அக்கா பணத்தைத் திருப்பி அனுப்பினார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லெசித்தினைப் போலச் சாக்லேட்டை இளக்கமாக ஓடவைக்கும் இன்னொரு பால்மமாக்கி பி.ஜி.பி.ஆர்., பாக்கெட்டில் 476 என்று போட்டிருக்கும். அதன் மூலம் நம் ஆமணக்கு எண்ணெய்! எண்ணெயைப் பிளந்து ரிசினோலிக் அமிலம் எடுத்து, சங்கிலியாகக் கோத்து, கிளிசரின் என்று நாம் சொல்லும் கிளிசராலின் சங்கிலியோடு இணைக்கிறார்கள். பழைய முறையில் 200 டிகிரி அளவுக்குக் காய்ச்ச வேண்டும், நிறம் கறுக்கும், வாடை வரும். லிபேஸ் என்ற நொதியைப் போட்டால் 70 டிகிரிக்குள் முடியும், நேரம்தான் கூடும். கிளிசராலோ பயோடீசல் ஆலையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ மிஞ்சுகிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

உலக ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில் விளைகிறது, அதிலும் குஜராத்தில். நம் அடிவாரத்தில் என்ன குறை? நிலக்கடலைக்கு வரப்போரம் ஆமணக்கு நட்டால் புழு அதற்குப் போகும், கடலை தப்பும் என்று நம் தாத்தாக்களுக்குத் தெரியும். விதையை வாங்க ஆளில்லாததால் விட்டுவிட்டார்கள். அடிவார விவசாயிகள் கூட்டுறவாக ஒரு சிறு நொதி ஆலை வைக்கட்டும், மலை சாக்லேட்காரர்கள் வாங்கட்டும் என்றுதான் ஊர் ஊராகப் பேசி வருகிறேன். மறுபடியும் கேட்கிறேன், வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், விலைக்கணக்கை அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன். வேளாண் துறைக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் டீ குடியுங்கள்.