வீட்டுக்கு மூத்த மரம்

அவையோருக்கு வணக்கம். நியூசிலாந்தில் ஆக்லாந்திலிருந்து வடக்கே பே ஆஃப் ஐலண்ட்ஸ் பார்க்கப் போகிற நம்மவர்கள் கெரிகெரியில் வண்டியை நிறுத்துவார்கள். ஆற்றோரம் நிற்கும் கல் கிடங்கின் முன்னால் ஒரு படம், உள்ளே கடையில் ஒரு சுற்று, பிறகு கிளம்பிவிடுவார்கள். அங்கே பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி மண்ணில் இருக்கிறது: பழைய கிறிஸ்தவ மிஷன் தோட்டமும், அதில் இன்றும் காய்க்கும் ஒரு பேரிக்காய் மரமும். 'கெரி' என்றால் அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் தோண்டு என்று பொருள். ஊர்ப் பெயரே தோண்டச் சொல்கிறது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கிறிஸ்தவப் போதகர் சாமுவேல் மார்ஸ்டன் சிட்னிப் பக்கமிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 100 திராட்சைக் கொடிகளை நட்டது 1819 செப்டம்பர் 25. 13,000 ஏக்கருக்கு விலையாக 48 கோடரிகள் கொடுத்துப் பத்திரம் எழுதியது அதே ஆண்டு நவம்பரில். ஆறு எருதுகள் பூட்டி மிஷனரி ஜான் பட்லர் கலப்பை ஓட்டியது 1820 மே 3. இன்று கெம்ப் இல்லம் என்று நாம் பார்க்கும் மரவீடு எழுந்தது 1821–22இல்தான். நியூசிலாந்தில் எஞ்சியிருக்கும் ஐரோப்பியக் கட்டடங்களில் அதுவே மூத்தது. ஆனால் அதற்கும் மூத்தது தோட்டம்!

மார்ஸ்டன் இந்தப் பணியைச் செய்தது சர்ச் மிஷனரி சொசைட்டிக்காக. அது நமக்கும் அறிமுகமானதுதான். கெரிகெரியில் கலப்பை இறங்கிய அதே 1820இல்தான் அந்தச் சங்கத்தின் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

முதல் தோட்டக்காரர்கள் மிஷனரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மாவோரிகள் 'குமரா' என்பார்கள். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவர்கள் அதைப் பயிரிட்டவர்கள். மிஷன் வீட்டார் பசியாறியதும் பெரும்பாலும் மாவோரிகள் விற்ற உருளைக்கிழங்காலும் பன்றி இறைச்சியாலும்தான். எல்லாவற்றுக்கும் மேலே மாவோரித் தலைவர் ஹோங்கி ஹிகாவின் கோட்டை, கொரோரிபோ பா. அவர் தலையசைக்காமல் அங்கே ஒரு செடிகூட ஊன்றியிருக்க முடியாது. ஆகவே முதலில் கோட்டை மேட்டுக்கு நடங்கள். நிதானமாகப் போனாலும் அரை மணிக்குள் ஏறி இறங்கலாம். மேலிருந்து பார்த்தால் வீடும் கிடங்கும் எவ்வளவு சின்ன இடத்தில், யார் கண்பார்வையில் இருந்தன என்பது புரியும். பிறகு தோட்டம், வீடு. கல் கிடங்கைக் கடைசியில் வையுங்கள்.

கிடங்கு 1832–36இல் கட்டியது. கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த வைமாத்தே மிஷன் பண்ணையில் விளையும் கோதுமையை ஈரமும் தீயும் அண்டாமல் சேர்த்துவைக்கத்தான் கல்லில் கட்டினார்கள். சுவருக்கு அங்கேயே கிடைத்த எரிமலைக் கல், மூலைகளுக்குச் சிட்னி மணற்கல். இரண்டு நிறங்களும் வெளியிலிருந்தே தெரியும். கட்டி முடிப்பதற்குள் அதன் தேவை குறைந்துபோனது வேறு கதை.

இனி அந்தப் பேரிக்காய் மரம். 1819இல் நட்டது, இன்றும் காய்க்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். இலை உதிர்ந்து குச்சியாக நிற்பதைப் பார்த்து 'பட்டுப்போச்சு' என்று திரும்புகிறவர்கள் உண்டு. பூ பார்க்க வேண்டுமானால் செப்டம்பர், அக்டோபரில் போக வேண்டும். மரத்தடியில் மட்டும் கூட்டமாக நிற்காதீர்கள். உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஓரடி ஆழத்துக்குள் இருக்கின்றன. மிதிபட்டு மண் இறுகினால் வேருக்குக் காற்று கிடைக்காது. கிளை நுனி காயத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

இப்படிப்பட்ட மரத்தின் வாரிசை விதையிலிருந்து எடுக்க முடியாது. பேரி வேறு மரத்தின் மகரந்தம் வாங்கிக் காய்ப்பது. விதைக் கன்று தாயைப் போல வராது. ஒட்டுக்கட்டத்தான் வேண்டும். குளிர்காலத்தில், மொட்டு உறங்கும்போது, பென்சில் பருமனில் முந்தைய ஆண்டுக் குச்சியை வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் குளிரில் வைப்பார்கள். வசந்தத் தொடக்கத்தில் மூன்று நான்கு மொட்டு விட்டு நறுக்கி, வேருக்கென்றே வளர்த்த வேறு செடியில் பொருத்துவார்கள். பட்டைக்கு உள்ளே இருக்கும் பச்சை அடுக்கு இரண்டிலும் ஒரு பக்கமாவது ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் வைத்தால் ஒட்டாது. மரம் குட்டையாக இருக்கட்டும் என்று சீமை மாதுளை (குவின்ஸ்) வேரில் கட்டினால், சில பேரி வகைகள் அதோடு சேராமல் சில ஆண்டுகளில் ஒட்டிலேயே முறிந்துவிடும். பழைய வகைக்குப் பேரி வேரே பத்திரம்.

ஆற்றையும் கவனியுங்கள். 1981 மார்ச் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. வீட்டருகே இருந்த பாலத்தில் மரமும் குப்பையும் சிக்கி நீர் தேங்கி மேலேறும். 2008இல் மாற்றுச்சாலை திறந்தபின் அந்தப் பாலத்தையே எடுத்துவிட்டார்கள். பாரம்பரியத்தைக் காப்பது என்பது சில சமயம் ஒன்றை அகற்றுவதும்தான்.

வெளிநாட்டிலிருந்து நியூசிலாந்துக்கு வருகிறவர்கள் விதை, செடி, பழம் எதுவும் பெட்டியில் வைக்க வேண்டாம். அறிவிக்காமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மண் ஒட்டிய காலணியையும் அறிவிக்க வேண்டும். கிடங்கிலிருந்து ஆற்றோரமாக 27 மீட்டர் ரெயின்போ அருவிக்கு நடைபாதை போகிறது. வடக்குக் காடுகளில் கௌரி (kauri) என்னும் அந்நாட்டுப் பெருமரங்களைக் கொல்லும் வேரழுகல் நோய் மண் வழியாகப் பரவுகிறது. காலணி கழுவும் இடத்தை எங்கே பார்த்தாலும் நின்று, அடிப்பகுதியைத் தேய்த்துவிட்டே நடங்கள்.