தரை டிக்கெட் ரசனை

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது ‘உலக சினிமா ரசனை உள்ளவர்’ என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரி வாயை முந்தானையால் மூடிக்கொண்டதை நானும் கவனித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரியும். ‘ஜகன்மோகினி’. விட்டலாச்சார்யா 1978இல் எடுத்த பேய்ப்படம். எத்தனையாவது தடவை என்று மட்டும் கேட்காதீர்கள்.

அதனால் உலக சினிமா என்ற பட்டத்தை இந்த மேசையிலேயே வைத்துவிட்டுத் தொடங்குகிறேன். எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சிறுவயதில் பார்த்த படங்களும் பின்னால் வந்த ரசனையும்’. பொதுவாக இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் ஒரு பட்டியலோடு வருவார்கள். இந்த வயதில் இந்தப் படம் பார்த்தேன், அது என்னை மாற்றியது என்பார்கள். என்னிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லை. யோசித்துப் பார்த்தால், என்னைச் செய்த படம் எது என்று சொல்லத் தெரியவில்லை. என்னைச் செய்த கொட்டகை எது என்று சொல்லத் தெரியும்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. ஊரைத் தாண்டிக் கண்மாய்க் கரைக்குக் கீழே டூரிங் டாக்கீஸ் இருந்தது. நாங்கள் கொட்டகை என்போம். அதற்கு உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கிடைக்கும், நிரந்தரக் கட்டடம் எழுப்பக் கூடாது. மேலே கூரை, சுற்றிலும் அரைகுறைத் தடுப்பு. பகலில் வெளிச்சம் உள்ளே வந்துவிடும் என்பதால் பகல் காட்சி கிடையாது. பொழுது அடைந்தபிறகு முதல் ஆட்டம், அது விட்டபிறகு இரண்டாம் ஆட்டம். அவ்வளவுதான்.

கட்டிய தியேட்டருக்கு மூத்தது இந்தக் கொட்டகை. திருச்சியில் ரயில்வேயில் படம் வரைகிற வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். கோயம்புத்தூரில் அவர் வெரைட்டி ஹால் கட்டியது 1914இல்தான். அதுவரை அவருக்குக் கூடாரம்தான் சினிமா. எங்கள் ஊர்க் கொட்டகை அந்த வம்சத்தின் கடைசிப் பேரப்பிள்ளை.

கூரை உச்சியில் குழாய் ஸ்பீக்கர். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டுப் போட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தால் எங்கள் ஆச்சி விறகை வெளியே இழுத்துப் போட்டுவிடுவாள்.

ஆனால் வாரத்துக்கு ஒரு படம் என்பதே எங்கள் வீட்டில் ஆடம்பரம். மற்ற நாட்களில் என்ன செய்வோம்? கேட்போம். கரிசல் காடு எங்கள் ஊரில் சட்டியைக் கவிழ்த்தமாதிரி வெறும் வெளி. மறைக்க மரம் கிடையாது. ராத்திரிக் காற்று கொட்டகைப் பக்கமிருந்து அடித்தால், முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே படம் முழுக்கக் கேட்கலாம். குதிரைக் குளம்பு, சவுக்கு விளாசுவது, ஒரு பெண் ‘அத்தான்’ என்று கூப்பிடுவது. எந்த ஊர்க் குதிரை, யாருக்கு விழுகிறது சவுக்கடி, அத்தான் என்ன பதில் சொன்னான், எல்லாம் நானே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்று நாள் கேட்டு நாலாம் நாள் பார்ப்பது எங்கள் வழக்கம். பார்க்கும்போது பெரும்பாலும் ஏமாற்றம். ஒரு படத்தில் வெகுநேரம் சத்தமே இல்லாமல் இருந்து, அப்புறம் சலங்கை மட்டும் நடந்துவரும். கட்டிலில் படுத்தபடி அதற்கு நான் கட்டிய அரண்மனை எங்கள் கண்மாயைவிடப் பெரியது. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் வர்ணம் பூசிய படுதா ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது!

இது எங்கள் ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை. என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் சினிமாவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதில் வாங்கிக்கொண்டவர்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் வரும். மூன்று மணி நேரப் படத்தைச் சுருக்கி, சத்தத்தை மட்டும் ஒலிபரப்புவார்கள். தெருவே திண்ணையில் கூடும். எங்கள் பக்கம் இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுகிறமாதிரி கேட்கும். கல்யாண வீட்டில் மைக் செட் கட்டினால் பாட்டுக்கு நடுவே கதை வசனம் போட்டாக வேண்டும். 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தை எங்கள் ஊரில் பார்க்காதவன் இருந்தான், வசனம் தெரியாதவன் இல்லை. கயத்தாறும் பாஞ்சாலங்குறிச்சியும் எங்களுக்கு அடுத்த ஊர்கள், அந்த உரிமை வேறு. பின்னால் 1984இல் ‘விதி’ வந்தபோது டீக்கடைக்கு டீக்கடை நீதிமன்றக் காட்சி கேசட்டில் ஓடியது. டீ குடிக்க வந்தவன் தீர்ப்பு வரும்வரை கிளாஸைக் கீழே வைக்க மாட்டான். 1976இல் ‘அன்னக்கிளி’ பாட்டுகள் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. படப்பெட்டி எங்கள் கொட்டகைக்கு வந்து சேருவதற்குள் அந்தப் பாட்டுகளை வைத்து நான் மூன்று அன்னக்கிளி எடுத்து முடித்திருந்தேன்.

இந்தக் காது பின்னால் என்ன செய்தது என்று சொல்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது திரைப்படச் சங்கம் ஒன்றில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் மாதமே விட்டலாச்சார்யாவை மறுதலித்துவிட்டேன். பேய் கையை நீட்டி மரத்திலிருந்து காய் பறிக்கிற படத்தையெல்லாம் பார்த்தவன் என்று தெரிந்தால் அந்தக் கூட்டத்தில் மரியாதை இருக்காது. அங்கே 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ போட்டார்கள். 1955ஆம் வருஷத்துப் படம். பேச்சு வங்காளம், அடியில் ஓடுகிற எழுத்து ஆங்கிலம். ஒரு வரியை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் எழுத்தை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். வேறு வழி இல்லை.

அதில் அக்காவும் தம்பியும் நாணல் பூத்த வெளிக்குப் போகிறார்கள். கம்பி போகிற ஒரு கம்பம் நிற்கிறது. அதில் காதை ஒட்டவைத்துக் கேட்கிறார்கள். உள்ளே ‘ங்ங்’ என்று ஒரு ரீங்காரம். அப்புறம்தான் தூரத்தில் ரயில். படம் முடிந்து எல்லோரும் வறுமை, எதார்த்தம், மனிதநேயம் என்று பேசினார்கள். நானும் தலையை ஆட்டினேன். என் மண்டைக்குள் அந்தக் கம்பம்தான் பாடிக்கொண்டிருந்தது. ரயிலைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்கிற பிள்ளைகள்! நாலாம் நாளுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள். வங்காளத்தில் யாரோ என் கயிற்றுக் கட்டிலைப் படம் எடுத்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் சத்தத்தில் பொய் சொல்கிற படத்தை என்னால் பார்க்க முடியாது. அழுகைக் காட்சி வருவதற்கு முன்பே வயலினை அனுப்பி வைக்கிற இயக்குநர்கள் இருக்கிறார்களே, எழுந்து போய்விடுவேன்.

அடுத்தது பிலிம் துண்டு. பழைய பிரிண்டுகள்தான் எங்கள் ஊருக்கு வரும். திரையில் எப்போதும் மழை பெய்யும், நாயகி வெயிலில் நின்றாலும் மழை. அடிக்கடி அறுந்து போகும். ஆபரேட்டர் வெட்டி ஒட்டிவிட்டு வீணான துண்டைக் கேபினுக்குப் பின்னால் வீசுவார். விடிந்ததும் நாங்கள் அங்கே நிற்போம். எங்களுக்குள் ஒரு சந்தை விலை இருந்தது. எம்.ஜி.ஆர். கத்தி பிடித்த துண்டு ஒன்றுக்கு, அழுகிற அம்மா துண்டு ஐந்து.

பியூஸ் போன பல்பின் உள்குடலை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது லென்ஸ். வாசலில் ஒருவன் கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே அனுப்ப வேண்டும். கதவைச் சாத்தி, தாத்தா வேட்டியைக் கட்டி, பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் சுவரில் எம்.ஜி.ஆர். நேராக நிற்பார். நிற்பார், அவ்வளவுதான். நகர மாட்டார். அடுத்த கட்டத்தை வைத்தாலும் அதே எம்.ஜி.ஆர். அதற்கடுத்ததும் அதே. ஒரு வினாடிக்கு 24 கட்டம் என்று எனக்கு அப்போது யார் சொல்வார்கள்? ஆபரேட்டர் ஏமாற்றுகிறார், ஓடாத துண்டாகப் பார்த்து நமக்குப் போடுகிறார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் வெயில் இறங்கும்வரை ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினேன். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ 1979இல் வந்தபோது, ‘என்னப்பா ஒருத்தன் சும்மா நிக்கிறான், அதையே காட்டுறாங்க’ என்று பக்கத்தில் இருந்தவர் சலித்துக்கொண்டார். எனக்கு அது பழகின வேலை.

இடைவேளையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கொட்டகைக்காரர் ஆவி என்னை மன்னிக்காது. ஒரே புரொஜெக்டர். ஆயிரம் அடி பிலிம் ஓட ஏறக்குறைய பதினோரு நிமிஷம். பெரிய சுருளாகச் சுற்றி வைத்தாலும் அது முடிந்ததும் நிறுத்தி அடுத்ததை மாட்டித்தான் ஆக வேண்டும். எங்கள் கொட்டகையில் மூன்று இடைவேளை. கொலைகாரன் கதவைத் திறக்கும்போது விளக்கைப் போட்டுவிடுவார்கள். முறுக்கு, கடலை மிட்டாய், சோடா. அந்தப் பத்து நிமிஷத்தில் தரை டிக்கெட்டில் பெரிய பட்டிமன்றமே நடக்கும். மச்சினன்தான் கொலைகாரன் என்று ஒரு கட்சி, கணக்குப்பிள்ளை என்று இன்னொரு கட்சி. இன்றைக்கு வீட்டில் படம் பார்த்தாலும் அரைமணிக்கு ஒரு தடவை நிறுத்திவிட்டு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ‘அப்பாவோட உக்காந்து படம் பாக்க முடியாது’ என்கிறாள் மகள். அவள் சொல்வது நியாயம்தான்.

உளவியல்காரர்கள் இதற்கெல்லாம் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். ராபர்ட் ஸாயன்ட்ஸ் என்பவர் 1968இல் எழுதினார்: அர்த்தமில்லாத சொற்களையும், சீன எழுத்துப்போன்ற புரியாத கோடுகளையும் அடிக்கடி கண்ணில் காட்டினாலே போதும், மனிதர்களுக்கு அவை பிடித்துப் போய்விடுகின்றன. முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் நான் அதிகத் தடவை பார்த்தது பிலிம்ஸ் டிவிஷன் செய்திச் சுருள்தானே? படத்துக்கு முன்னால் கட்டாயம் போட வேண்டும் என்பது அந்தக் காலத்து அரசாங்க விதி. வெள்ளம், அணைக்கட்டு, மந்திரி கொடியசைப்பது. அதை யாருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். பிறகு யூடியூபில் ராத்திரி நேரத்தில் நான் எதைத் தேடுகிறேன் என்று கவனித்தேன். பழைய அணைக்கட்டு, கனத்த குரலில் ஒருவர் கன அடி சொல்கிறார், தண்ணீர் மதகு வழியாகப் பாய்கிறது. ஸாயன்ட்ஸ் ஜெயித்துவிட்டார்.

ஆனால் அவர் கணக்கில் ஆச்சி வரமாட்டாள்.

கொட்டகையில் பெண்கள் பக்கம் தனி, நடுவில் ஒரு குட்டிச்சுவர். பத்து வயது வரைக்கும் நான் ஆச்சியோடு அந்தப் பக்கம்தான். மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவோம். ஆச்சி பகலெல்லாம் பருத்திக்காட்டில் வேலை பார்த்தவள், இரண்டாவது இடைவேளை தாண்ட மாட்டாள், தூங்கிவிடுவாள். மூன்றாவதில் நானும் போய்விடுவேன். ஆட்டம் விட்டதும் யாராவது எழுப்பிவிடுவார்கள். இருட்டில் நடக்கும்போது ஆச்சி கேட்பாள், “கடைசில என்னல ஆச்சு?” நானும் தூங்கிவிட்டேன் என்று சொன்னால் அடுத்த வாரம் கூட்டிப்போக மாட்டாள். அதனால் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வருவேன். எத்தனையோ படங்களுக்கு எங்கள் வீட்டில் நான் வைத்ததுதான் முடிவு. முடிவைச் சொல்லாமல் விடுகிற படங்கள் இன்றைக்கு எனக்குப் பிடிப்பது ஏன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அப்படி ஒரு படம் முடிந்ததும் மற்றவர்கள் ‘அவ்வளவுதானா?’ என்று எழுந்திருக்கிறார்கள். எனக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது.

‘பாசமலர்’ 1961இல் வந்த படம். எங்கள் கொட்டகைக்கு எழுபதுகளில் மறுபடி வந்தது. அன்றைக்கும் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். வழியில் ஆச்சி கேட்டாள். எனக்கு ஆச்சியின் அழுகையைப் பார்த்து ஏற்கனவே பயம். “அண்ணனுக்குக் கண்ணு சரியாப் போச்சு ஆச்சி. ரெண்டு பேரும் வில்வண்டி கட்டி ஊருக்குப் போய்ட்டாங்க” என்றேன். ஆச்சி மகராசியாகத் தூங்கினாள்.

பதினைந்து வருஷத்துக்குமேல் கழித்து, பஞ்சாயத்து டிவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாசமலர். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். ஆச்சிக்கு அப்போது தூக்கம் குறைந்துவிட்டது, கடைசிவரை விழித்திருந்தாள். அண்ணனும் செத்து, தங்கையும் அவன்மேலேயே செத்து விழுந்தபோது சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். ஆச்சி மட்டும் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வருகிறவரை பேசவில்லை. நடையேறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“ஏலே, டிவிக்காரனுவ படத்தையே கெடுத்துப்போட்டானுவ பாத்தியா. நம்ம கொட்டகைல ஓடுனதுதாம்ல அசல்.”