அப்பத்தாவின் நினைவு மலரில் என்ன எழுதுவது?

பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் பேரன் பேத்திகளே, வணக்கம். இன்றைக்குப் பேச்சு உங்களோடுதான். அந்தச் செல்போனும் வேலைக்கு ஆகும்.

நம் ராமநாதபுரம் கரையில் ஒரு அப்பத்தா கண்ணை மூடினால் முப்பதாம் நாளுக்குள் நினைவு மலர் அச்சாகி வந்துவிடுகிறது. 'பாசத்தின் திருவுருவம்', 'குடும்பத்தின் குலவிளக்கு', பிறகு பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர் வரிசை. படத்தை மாற்றிவிட்டால் அடுத்த தெரு அம்மாச்சிக்கும் அதே மலர் பொருந்தும். காலமெல்லாம் அவர் கை செய்த வேலைக்கு அதில் ஒரு வரி கிடையாது. அவர் இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்கும் விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் வயது. ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள். வயதை மட்டும் சொல்லிப் பதிந்தவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் விழுந்திருக்கும். "எப்பப் பொறந்தீங்க?" என்றால் கையை விரிப்பார். "தனுஷ்கோடி புயலப்போ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேளுங்கள். அது 1964 டிசம்பர் 22 இரவு, ரயிலையே கடல் கொண்டுபோன புயல். "மூத்தவன் கைப்புள்ள" என்பார், அல்லது "அப்பத்தான் சமைஞ்சிருந்தேன்" என்பார். இரண்டு மூன்று வருசத்துக்குள் வயது பிடிபட்டுவிடும். ஒன்று கவனம்: 1978 நவம்பரிலும் இந்தக் கரையில் ஒரு புயல் கடந்தது. "ரயிலு கடலோட போச்சே, அந்தப் புயலா?" என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பிந்திய காலத்துக்குப் பாம்பன் சாலைப் பாலம் திறந்த 1988, சுனாமி வந்த 2004. பாலத்துக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டாலே கல்யாணம், பிரசவம், ஓட்டு வீடு கட்டியது எல்லாம் வரிசைக்கு வந்துவிடும்.

அடுத்தது வேலை. "உங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்ன வாழ்க்க, கஷ்டந்தான்" என்று முடித்துவிடுவார். கடல்பாசி எடுத்தவர் என்றால் எந்தப் பாசி என்று கேளுங்கள். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகர் என்ற, ஜெல்லி போல உறையவைக்கும் பொருளை எடுக்கப் போகிறவை. கட்டக்கோரை ஆல்ஜினேட் என்ற, கெட்டியாக்கும் பொருளுக்கு. மரிக்கொழுந்து பாறையோடு ஒட்டிக் கிடக்கும். மூச்சைப் பிடித்து முங்கி, விரலால் பிய்க்க வேண்டும். பாறை விரலைக் கிழிக்கும் என்பதால்தான் துணி சுற்றிக்கொள்வது. எந்தத் துணி, எந்தெந்த விரலுக்கு, எத்தனை சுற்று, முடிச்சைப் பல்லால் இழுத்தாரா? அவர் கையாலேயே கட்டிக் காட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். வியாபாரி ஈரப்பாசிக்கு விலை போட்டாரா, காய்ந்ததற்கா, மணல் கழிவு என்று எவ்வளவு பிடித்தார் என்பதையும் விடாதீர்கள். அங்கே கோபம் வரும். கோபத்தில்தான் கணக்கு சரியாக வரும்.

கருவாடு போட்டவர் என்றால் அளவு கிடைப்பது கஷ்டம். எல்லாம் கையளவுதான். உப்பு டப்பாவை அவர் தொடுவதற்கு முன் ஒருமுறை, வைத்த பின் ஒருமுறை எடை போடுங்கள். பொதுவாக மூன்று நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ கல்லுப்பு. பெரிய மீனைக் கீறி, குடலும் செவுளும் எடுத்து, கழுவி, உப்பு அடுக்கி, ஓர் இரவாவது ஊற விட்டுக் காயப்போடுவது. நெத்திலி அப்படியே வெயிலுக்குப் போகும். உங்கள் அப்பத்தா இதிலிருந்து எங்கே விலகினார் என்பதுதான் மலருக்கு வேண்டியது. உப்பு குறைந்தால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். முதல் நாளே கடும் வெயிலில் போட்டால் மேலே இறுகி, உள்ளே ஈரம் நின்று நாறும். ஈரக்காற்றில் சிவப்புப் பூக்கும். உப்பிலேயே இருந்து வரும் கிருமி அது. பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கிறதா, இன்னும் காயவில்லை. அவர் எங்கே அழுத்திப் பார்த்தார், வாலிலா, முதுகிலா?

அவர் போய்விட்டார் என்றால், பெற்ற பிள்ளைகளிடம் கேட்பதற்கு முன் ஒரே வள்ளத்தில் அவரோடு போன பெண்களிடம் போங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்தது சோறு போட்ட கை மட்டும்தான்.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள்; காற்று அடிக்காத பக்கத் திண்ணை நல்லது. போனை ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல், ஒரு முழ தூரத்தில் வையுங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுகிறவர் பெயர் சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் போதும். அருகில் உட்கார்ந்து அவருக்குப் பதிலாகப் பதில் சொல்லும் மகனைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. "இத எழுதாதடா" என்று அவர் சொன்னால் எழுதக் கூடாது.

பழைய ஸ்டூடியோ படம் உப்புக்காற்றில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு நிழலில் வைத்து, பளபளப்பு விழாமல் படமெடுங்கள். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். சட்டம் போடாத படத்தின் பின்னால் பெயரைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஊறும். எல்லாம் முடிந்ததும் ஒரு பிரதி இந்தக் கரையில் இருக்கட்டும். இன்னொன்றைப் பரமக்குடியிலோ மதுரையிலோ வாழ்க்கைப்பட்ட பேத்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அங்கே உப்புக்காற்று போகாது.