சுடுறதுக்கு ரொம்ப ஜாலியான துப்பாக்கி எது? குட்டித் தோட்டா போடறதுதான்!

(திரையில்: டெசர்ட் ஈகிள், ஏகே-47, எம்1 கேரண்ட் வரிசையாக. கடைசியில் ஒரு சின்ன மரக்கட்டை ரைஃபிள்.)

இந்த நாலுல எதை எடுத்தா சாயங்காலம் வரைக்கும் கீழ வைக்க மனசு வராது? நிறைய பேர் கை முதல்ல டெசர்ட் ஈகிள் பக்கம்தான் போகும். .50 தோட்டா, கிட்டத்தட்ட 2 கிலோ எடை. முதல் வெடி அட்டகாசமா இருக்கும். ஆனா ரெண்டு மேகசின் முடியறதுக்குள்ள மணிக்கட்டு போதும்னு சொல்லிடும். என் ஓட்டு கடைசில இருக்கற அந்தக் குட்டிக்குத்தான். பேரு ரூகர் 10/22. அது சுடுறது .22 லாங் ரைஃபிள்ங்கற தோட்டா. பென்சிலைவிட ஒல்லி, நீளம் ஒரு அங்குலம். என்சிசி கேம்ப்ல 25 கஜத்துல படுத்துக்கிட்டு சுட்டவங்களுக்கு "பாயின்ட் டூ டூ"ன்னா உடனே புரிஞ்சிருக்கும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்ல ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர்ல வெண்கலம் ஜெயிச்சதும் இதே தோட்டாவை வெச்சுத்தான். அந்த டார்கெட்ல பத்துப் பாயின்ட் வட்டத்தோட அகலமே 10.4 மில்லிமீட்டர்!

வரலாறை வேகமா முடிச்சிடலாம். 1857-ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .22 ஷார்ட் கொண்டு வந்தாங்க, 1887-ல ஸ்டீவன்ஸ் கம்பெனி அதை நீட்டி லாங் ரைஃபிள் ஆக்குனாங்க, 1964-ல ரூகர் 10/22 வந்துச்சு. அவ்வளவுதான்.

இப்ப மேகசினைப் பாருங்க. (திரையில்: சுழலும் மேகசின், மெதுவாக.) .22 தோட்டாவோட அடியில ஒரு விளிம்பு வெளிய நீட்டிட்டு இருக்கும். இந்த மாதிரி தோட்டாவை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கும்போது, மேல இருக்கறதோட விளிம்பு கீழ இருக்கறதோட விளிம்புக்குப் பின்னால போயிட்டா ரெண்டும் மாட்டிக்கும், தோட்டா ஏறாது. 10/22-ல அடுக்கறதே இல்ல. ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம், ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனிக் குழி. பத்தும் ஒண்ணை ஒண்ணு உரசாம உக்காந்திருக்கும். அறுபது வருஷமா இந்த டிசைன் நிக்குதுன்னா சும்மாவா!

ஜாலிக்கு முதல் காரணம், சுடும்போது தோள்ல விழற உதை ரொம்பக் கம்மி. .308-ங்கற பெரிய தோட்டாவைச் சுடற, 3.4 கிலோ எடையுள்ள ரைஃபிள் தோளுக்குக் கொடுக்கற சக்தி, 10/22 கொடுக்கறதைவிட 50 மடங்குக்கும் மேல. உதை வரப்போகுதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சதும், டிரிகரை இழுக்கறதுக்கு முன்னாடியே கண்ணு மூடும், தோள் முன்னால தள்ளும், குண்டு கீழ போகும். ரொம்பப் பேர் "சைட் சரியில்ல"ன்னு குறி பாக்கற அந்தப் பாகத்தைத் திருகறது இதனாலதான். உங்களுக்கு இது இருக்கான்னு பாக்க ஒரு வழி: கூட வந்தவர் உங்களுக்குத் தெரியாம சில தடவை தோட்டா போட்டும், சில தடவை போடாமலும் ரைஃபிளைக் கொடுக்கட்டும். தோட்டா உக்கார்ற அறையான சேம்பர் காலியா இருந்து "க்ளிக்" கேக்கும்போது குழல் முனை டக்குனு இறங்குச்சுன்னா, வியாதி இருக்கு. மருந்து? .22-ல ஐம்பது ரவுண்டு, நிதானமா.

சரி, இந்த வீடியோ பண்ணதே அடுத்த விஷயத்துக்காகத்தான். கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

(திரையில்: ரெண்டு தோட்டாப் பெட்டி, பின்னால காத்துல ஆடற கொடி.)

இடது பக்கம் இருக்கறது ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி. 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் ஈயம், விநாடிக்குச் சுமார் 325 மீட்டர். வலது பக்கம் ஹை வெலாசிட்டி. அதே எடை, சுமார் 380 மீட்டர். 100 கஜத்துல டார்கெட், பக்கவாட்டுல மணிக்கு 16 கிலோமீட்டர் காத்து. எதைக் காத்து அதிகமாத் தள்ளும்?

மெதுவாப் போறதைத்தான்னு தோணுதா? தப்பு! ஸ்டாண்டர்ட் சுமார் 4 அங்குலம் விலகும். வேகமாப் போறது 5 அங்குலம் விலகும்!

எப்படி? காத்து எவ்வளவு தள்ளும்ங்கறதை முடிவு பண்றது குண்டு காத்துல இருக்கற மொத்த நேரம் இல்ல. காத்தே இல்லாத வெற்றிடத்துல எப்பப் போய்ச் சேர்ந்திருக்குமோ, அதைவிட எவ்வளவு தாமதமா வந்துச்சு? அந்தத் தாமதம்தான் கணக்கு. ஒலியோட வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். வேகமான குண்டு அதுக்கு மேல கிளம்பி, பாதி வழியிலயே ஒலி வேகத்துக்குக் கீழ இறங்குது. அந்த எல்லையில காத்தோட இழுவை எக்கச்சக்கமா ஏறும். அதனால அது இழக்கற வேகமும் அதிகம், தாமதமும் அதிகம், விலகலும் அதிகம். மெதுவான குண்டு அந்த எல்லையைத் தொடவே இல்ல, அதனால அதிகம் இழக்கவும் இல்ல. போட்டில சுடுறவங்க மெதுவான தோட்டாவைத் தேடித் தேடி வாங்கறது இதுக்குத்தான். .308 மாதிரி பெரிய தோட்டால இந்த வேடிக்கையைப் பாக்க ரொம்ப ரொம்ப தூரம் போகணும். .22-ல 100 கஜத்துலயே முழுப் பாடமும் கிடைச்சிடுது. 50 கஜத்துக்கு சைட் செட் பண்ணா, 100-ல குண்டு ஆறேழு அங்குலம் கீழ விழும். ஆக காத்து, இறக்கம் ரெண்டையும் ஒரு சின்ன மைதானத்துலயே கத்துக்கலாம். இதைவிட வேற என்ன ஜாலி வேணும்?

ஒரு விஷயம்: ரொம்ப மெதுவான தோட்டாவைப் போட்டா 10/22-ல போல்ட் (தோட்டாவை உள்ள தள்ளி, காலிக் கூட்டை வெளிய எடுக்கற இரும்புக் கட்டை) முழுசாப் பின்னால போகாம, காலிக் கூடு வாசல்லயே மாட்டலாம். அப்போ முதல்ல கூட்டைப் பிடிச்சு இழுக்கற எக்ஸ்ட்ராக்டர் கொக்கியைப் பாருங்க. இந்தக் குண்டுக்கு வெளியில மெழுகு பூசியிருப்பாங்க, அது கரியோட சேர்ந்து கொக்கிக்கு அடியில களிம்பாப் படிஞ்சிடும். பழைய டூத் பிரஷ் போதும். தோட்டாவைப் பாக்கெட்ல சும்மா போட்டுக்காதீங்க, மெழுகுல மண் ஒட்டும். அப்புறம் 10/22-ஓட பின்பக்கம் மூடியிருக்கறதால, கழட்டாம விட்டா குழலை முன்னாலருந்துதான் தடி விட்டுத் துடைக்க முடியும். அது முனையைத் தேய்ச்சுக் குறியைக் கெடுக்கும். சேம்பர் வழியா விட்டு இழுக்கற கயிறு வாங்கிடுங்க.

"க்ளிக்"னு மட்டும் கேட்டு வெடிக்கலையா? அவசரப்படாதீங்க. 10/22-ல கடைசி ரவுண்டுக்கு அப்புறம் போல்ட் தானாத் திறந்து நிக்காது. அதனால காலியா, நமுத்துப்போன தோட்டாவான்னு தெரியாது. குழல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், 30 விநாடி எண்ணுங்க, அப்புறம் திறங்க. இந்தத் தோட்டால பற்றவைக்கற மருந்து விளிம்புக்குள்ளதான் இருக்கும். ஊசி அடிச்ச இடத்துல மருந்து பரவாம இருந்தா வெடிக்காது. ஆனா "புஸ்"னு சத்தம் வந்தா கதையே வேற. குண்டு குழல்லயே நின்னிருக்கலாம். அடுத்ததைச் சுடவே கூடாது. மேகசினைக் கழட்டி, சேம்பரைக் காலி பண்ணி, குழல்ல வெளிச்சம் தெரியுதான்னு பாத்துட்டுத்தான் மறுபடி.

டார்கெட்டுக்கு இரும்புத் தகடு மாதிரி வராது. டிங்! காகிதத்தைப் போய்ப் பாக்க வேணாம், பதில் காதுக்கே வரும். ஏஆர்500-ங்கற கடினமான எஃகுத் தகடு, மேல்பக்கம் உங்களை நோக்கிச் சாஞ்சிருக்கணும், அப்பத்தான் சிதறல் தரைக்குப் போகும். குறைஞ்சது 10 கஜம், 25 இருந்தா நிம்மதி. குழி விழுந்த தகடைத் தூக்கிப் போடுங்க. கண்ணாடி கண்டிப்பாப் போடணும். தண்ணி, கல்லு, பாட்டில் மேல சுடாதீங்க. பின்னால மண்மேடு இல்லாம சுடவே சுடாதீங்க, இந்தக் குட்டித் தோட்டா ஒன்றரை மைல் போகும்.

எம்1 கேரண்ட் ரசிகர்கள் கோச்சுக்காதீங்க. எட்டாவது குண்டு போனதும், தோட்டாக்களைச் சேத்துப் பிடிச்சிருந்த கிளிப் "பிங்"னு எகிறுற சத்தம் எனக்கும் உயிர். கிளிப்பை அழுத்தும்போது உள்ளங்கை ஓரத்தால போல்ட்டை இழுக்கற கைப்பிடியைப் பின்னாலயே பிடிச்சுக்கோங்க, இல்லன்னா போல்ட் கட்டைவிரலை நசுக்கிடும்.

சுட்டு முடிச்சதும் சாப்பாட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவுங்க, கையில ஈயம் இருக்கும். என்சிசில சுட்டவங்க அஞ்சு ரவுண்டும் எத்தனை அங்குலத்துக்குள்ள விழுந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. எல்லாத்தையும் படிக்கறேன்!